பள்ளிப்படிப்பும் உடல் நலமும்

அண்மையில் கேளம்பாக்கத்து உப்பளங்களை ஒட்டிய தெரு ஒன்றில் வீடு சந்திக்கச் சென்றிருந்தோம். வாழ்நாளில் பாதியை உப்பளத்திலே உழைத்துக் கழித்த மூதாட்டி ஒருவர், இரத்த அழுத்தத்திற்கெனக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளை நம்மிடம் காட்டினார். "தலைசுற்றல் நின்றுவிட்டது சாமி, மாத்திரையையும் நிறுத்திவிட்டேன்" என்றார். பத்தாம் வகுப்பில் படிக்கும் பேத்தி குறுக்கிட்டாள்: "அழுத்தம் ஏறுவது வெளியே தெரியாது பாட்டி; பாடத்திலே படித்தோம். நிறுத்தக் கூடாது." அந்தச் சிறுமியின் படிப்பைத்தான் அவ்வாண்டோடு நிறுத்திவிடப் பெற்றோர் எண்ணியிருந்தனர்!

கல்வியை உத்தியோகத்திற்கு ஏணியாக மட்டுமே நாம் கருதுகிறோம். அது உடலுக்குக் கவசமுமாகும். ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் கால்டுவெல், நைஜீரிய நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து 1979-ல் ஓர் உண்மையை வெளியிட்டார். தந்தையின் தொழில், குடும்பத்தின் வசதி ஆகியவற்றைக் கணக்கிட்ட பின்னரும், தாயின் கல்வியே குழந்தைகள் பிழைப்பதற்குப் பெருங்காரணமாய் நின்றது. நம் அண்டையிலுள்ள கேரளமும் இலங்கையும் குறைந்த வருமானத்திலும் இறப்பைக் குறைத்தமைக்குப் பெண் கல்வி முக்கிய காரணம் என்று 1986-ல் அவர் எழுதினார்.

இது எவ்வாறு நிகழ்கிறது? படித்த தாய் நோயை விரைவில் கண்டுகொள்கிறாள். பிறர் உத்தரவுக்குக் காத்திராமல் குழந்தையை மருத்துவரிடம் தூக்கிச் செல்கிறாள். ஐயம் தோன்றினால் அஞ்சாமல் கேட்கிறாள். குணமாகாவிடில் மீண்டும் செல்கிறாள். பள்ளியில் நீடிக்கும் பெண்ணுக்கு இளவயதுத் திருமணமும், உடல் முதிருமுன் வரும் பேறுகாலமும் தள்ளிப்போகின்றன. அந்நன்மை அவள் முதுமை வரை தொடர்கிறது.

படித்தவருக்கு நோயே வராதோ எனில், வரும். நாற்காலியை விட்டு அசையாதவரைச் சர்க்கரை நோய் பட்டம் பார்த்து விலகுவதில்லை. அறிந்ததை அன்றாடம் கடைப்பிடித்தால்தான் கல்வி பயன் தரும்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் மாத்திரை நம் வாசலுக்கே வருகிறது. அதை ஏன் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும் என்னும் தெளிவைப் பள்ளியே தருகிறது. அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டமும் 2022 முதல் உள்ளது.

பெற்றோரே, மகளின் படிப்பை நிறுத்துமுன் ஒருகணம் எண்ணுங்கள். நாளை உங்கள் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லப்போகிறவள் அவளே. நாம் கூறிய சிறுமி இப்போது பதினோராம் வகுப்பில் பயில்கிறாள். பாட்டியின் மாத்திரை டப்பாவும் அவள் பொறுப்பிலேதான் இருக்கிறது.