பழவேற்காடு: நம் பக்கத்திலேயே இருக்கும் பழைய துறைமுகம்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பகுதிகளில் வசிக்கும் நம் குடும்பங்கள் விடுமுறை என்றால் சென்னை மெரினாவுக்கோ மாமல்லபுரத்துக்கோ கிளம்பிவிடுகின்றன. பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் சுமார் 20 கிலோமீட்டரில் பழவேற்காடு. அங்கே போனவர்களைக் கேட்டால் நண்டும் இறாலும் வாங்கிய கதையைத்தான் சொல்வார்கள். ஊரின் கதையைச் சொல்பவர்கள் குறைவு.

கைலியிலிருந்தே தொடங்கலாம். மலேசியாவில் ஆண்கள் தொழுகைக்கு உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். இலங்கையில் அது 'பலேகாட்' சாரம். இரண்டும் இந்த ஊரின் பெயர்தான். ஐரோப்பியர் வாயில் 'புலிகாட்' ஆன பழவேற்காட்டிலிருந்து கப்பல் ஏறிய துணி, ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டுபோய்விட்டது.

இதை டச்சுக்காரர்கள் உருவாக்கிய ஊர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் வருவதற்குச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, முஸ்லிம்களும் இந்துக்களும் பெரும் வணிகம் செய்யும் துறைமுகம் இது என்று போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா எழுதியிருக்கிறார். இங்கிருந்து மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்ராவுக்கும் துணி போனது. பெகுவிலிருந்து மாணிக்கக் கற்கள் வந்தன. ஓடிக்கொண்டிருந்த அந்த வணிகத்தைக் கைப்பற்றத்தான் டச்சுக் கம்பெனி வந்தது. 1610ல் விஜயநகர அரசின் அனுமதி பெற்று, 1613ல் கெல்ட்ரியா கோட்டையை முடித்தது. 1690ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைநகரம் இதுதான். துணியோடு சேர்த்து மனிதர்களையும் ஏற்றினார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தயங்க வேண்டாம். பஞ்சத்தாலும் போராலும் நிர்க்கதியான நம் மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டார்கள். 1825ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கோட்டை இருந்த இடத்தில் இன்று புதர் மூடிய மேடுதான் மிச்சம். அதைத் தேடி அலைவதைவிட, தொல்லியல் துறை பராமரிக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். வாசலிலேயே இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. சிறு பிள்ளைகள் மிரளக்கூடும். மவ்த்தை நினைவூட்டத்தான் அவற்றை வைத்தார்கள் என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். உள்ளே கல்லில் செதுக்கிய டச்சு எழுத்துகளும் கப்பல், கோட்டை உருவங்களும் இன்னும் தெளிவாக இருக்கின்றன.

ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்த்த பழைய நிழல் கடிகாரம் ஒன்று உண்டு. சூரியன் உச்சி சாய்ந்ததும் லுஹர். உச்சி நேரத்து நிழலைக் கழித்துவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தளவு நீண்டதும் ஷாஃபி மத்ஹபுப்படி அஸர். செல்போனில் பாங்கு கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இதை அங்கேயே நின்று விளக்கலாம். பள்ளி நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு, ஜும்ஆ கூட்டம் இல்லாத நேரமாகப் போவது நல்லது. முஸ்லிம் பெண்கள் முடையும் பனையோலைக் கூடைகளும் இந்த ஊரில் கிடைக்கும். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏரியில் பூநாரைகள் இறங்கும். அப்போது படகில் கூட்டிப்போவதாக யாராவது அழைத்தால் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று, சுற்றிப்பார்க்க உறவுகளோடு வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து பெண்கள், குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகு அது, பயணிகளுக்கானது அல்ல. அமைதியாகத் தெரியும் ஏரி, கடலோடு சேரும் முகத்துவாரத்தில் திடீரென இழுக்கும். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை போகும் மின்சார ரயில் பொன்னேரியில் நிற்கும். காலையில் போய், கரையில் நின்று பறவை பார்த்துவிட்டு, அஸர் தொழுததும் கிளம்பினால் மக்ரிபுக்குப் பிறகு வீடு சேர்ந்துவிடலாம், இன்ஷா அல்லாஹ்.