கூலி கேட்காத காவல்

மண் போடும் கணக்கு – 9

புகையான் விழுந்த வயலைப் பற்றி டெல்டா விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்தப் பூச்சி நெற்பயிரின் அடித்தண்டில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். சில நாட்களிலேயே பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து, தீப்பிடித்த மாதிரி நிற்கும். 1970களில் இந்தோனேசியாவைப் படுத்தி எடுத்ததும் இதுதான்.

அந்நாட்டு அரசு மருந்தை நம்பியது. பூச்சிமருந்து விலையில் சுமார் 80 சதவீதத்தை மானியமாகக் கொடுத்தது. இதற்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவு. 1984இல் அரிசியில் தன்னிறைவும் வந்தது. இரண்டே ஆண்டில் ஜாவா வயல்களில் புகையான் மறுபடி தலைதூக்கியது.

ஏன்? பிலிப்பைன்ஸ் வயல்களில் ஆராய்ந்த பீட்டர் கென்மோர் இதற்கான விடையை முன்பே கண்டிருந்தார். புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மருந்து அங்கே எட்டாது. புகையானைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் வெளியே திரிகின்றன, தெளித்தவுடன் சாகின்றன. சில நாளில் முட்டை பொரிந்து வரும் குஞ்சுகளுக்கு வயலில் எதிரியே இல்லை. அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. தன் பயிரின் காவலைக் கொல்ல அரசே பணம் கட்டிக்கொண்டிருந்தது.

1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ, நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்தார். மானியம் படிப்படியாகக் குறைந்து 1989இல் நின்றது. அதே ஆண்டில் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இருபத்தைந்து பேர் அளவில் ஒரு குழு. வாரம் ஒரு காலை வேளை. நடவு முதல் அறுவடை வரை வரப்பில்தான் பாடம். எது பயிரைத் தின்னும் பூச்சி, எது அந்தப் பூச்சியைத் தின்னும் பூச்சி என்று விவசாயிகளே எண்ணி, படம் வரைந்து, தெளிப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தார்கள். மருந்துப் பயன்பாடு பாதிக்கும் கீழே இறங்கியது. நெல் விளைச்சல் குறையவில்லை, கூடியது.

இதில் மண்ணுக்கும் பங்குண்டு. ஜாவாவில் 1990களில் நடந்த ஆய்வு ஒன்று இதைக் காட்டியது: வயலில் மக்கு நிறைய இருந்தால், அதை உண்டு வாழும் சிற்றுயிர்கள் நடவு முடிந்த உடனேயே பெருகும். சிலந்திகளுக்கு அவையே முதல் இரை. புகையான் வந்து சேரும்போது சிலந்திப் படை தயாராக நிற்கும். ஆக, மக்கைக் கூட்டும் தொழுவுரம் பயிருக்கு உணவாவதோடு பூச்சிக் காவலுக்கும் முதலீடாகிறது.

வாங்காத மருந்துக்கும், கெடாத நீருக்கும், தெளிப்பவர் உடம்பில் ஏறாத நஞ்சுக்கும் ரசீது கிடையாது. அதனால்தான் நிலைத்த வேளாண்மையின் லாபம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. கண்ணில் படாத லாபத்தை நாடுகளும் எளிதில் மறக்கின்றன. இந்தோனேசியாவில் பிற்காலத்தில் மருந்துச் சந்தை மறுபடி விரிந்தது. 2010, 2011இல் ஜாவாவைப் புகையான் மீண்டும் கடுமையாகத் தாக்கியது.

நம்மூர்ப் பரிந்துரையே சிலந்திக்கு விலை வைத்திருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி, சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான்தான் பொருளாதாரச் சேத நிலை, அதாவது மருந்தடிக்க வேண்டிய எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன் பயிரை விலக்கி, இரண்டையும் எண்ணிப் பாருங்கள்.

(தொடரும்)