உங்களுக்குத் தெரியுமா?

முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் செயலிழந்தவர்களை எழுந்து நடக்க வைக்கும் 'ரீவாக்' ரோபோ கவசம்... அதைக் கண்டுபிடித்தவரால் அதை அணிந்து நடக்க முடியவில்லை!

● இஸ்ரேலியப் பொறியாளர் அமித் கோஃபர், 1997இல் விபத்தில் சிக்கிக் கை, கால்கள் செயலிழந்தவர். ரீவாக்கில் நடக்க இரு கைகளிலும் ஊன்றுகோல் பிடிக்க வேண்டும். அந்த வலு அவர் கைகளில் இல்லை. தனக்கு உதவாததைப் பிறருக்காகச் செய்து முடித்தாரே, எவ்வளவு பெரிய மனசு!

● உடலைச் சற்று முன்னால் சாய்த்தால் சென்சார் உணரும்; இடுப்பிலும் முழங்காலிலும் உள்ள மோட்டார்கள் காலை எடுத்துவைக்கும். எழ, உட்கார மணிக்கட்டில் வாட்ச் மாதிரி ஒரு ரிமோட்.

● மார்புக்குக் கீழே செயலிழந்த பிரிட்டனின் கிளேர் லோமஸ், 2012 லண்டன் மாரத்தானின் 42 கிலோமீட்டரை இந்தக் கவசத்துடன் நடந்தே கடந்தார். இரண்டு வாரத்துக்கும் மேல் ஆனது.

● 2014இல் அமெரிக்கா வீட்டு உபயோகத்துக்கு அனுமதித்தது. பயிற்சி பெற்ற துணையாள் கூடவே இருக்க வேண்டும்.