அலங்கார விளக்கு: சுவிட்ச் எந்த ஒயரில் இருக்கிறது?

கம்ப்யூட்டர் மேஜைக்கு மேலே சுவரில் ஓர் அலங்கார விளக்கு மாட்ட வேண்டும், அதற்குத் தனி லைன் இழுக்க வேண்டுமா, இருக்கிற டியூப் லைட் லைனிலேயே எடுத்துக்கொள்ளலாமா என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் சாப்ட்வேர் பக்கம் போய்விட்டவன்தான். ஆனாலும் கல்லூரியில் முதல் ஆண்டு பயிற்சிக்கூடத்தில் எல்லாப் பிரிவினரும் ஹவுஸ் ஒயரிங் செய்து காட்டியாக வேண்டும். அதனால் இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிகிறது.

தாராளமாக எடுக்கலாம். வீட்டு லைட் லைனில் பொதுவாக 6 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கும். 230 வோல்ட்டில் இது 1380 வாட் தாங்கும். ஆனால் ஒரு லைட், பேன் லைனில் 10 பாயிண்டுக்கு மேலோ, 800 வாட்டுக்கு மேலோ போகக்கூடாது என்பது நம் நாட்டு ஒயரிங் வழக்கம். 10 வாட் எல்.இ.டி. விளக்கு அந்தக் கணக்கில் ஒரு தூசு. லோடு பிரச்சினையே இல்லை. எந்த ஒயரில் சேர்க்கிறோம் என்பதுதான் பிரச்சினை.

மின்சாரம் வரும் ஒயர் பேஸ். திரும்பிப் போகும் ஒயர் நியூட்ரல். சுவிட்ச் எப்போதும் பேஸ் ஒயரைத்தான் துண்டிக்க வேண்டும். தவறுதலாக நியூட்ரலில் போட்டுவிட்டாலும் விளக்கு எரியும், அணையும். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். "ஆப் செய்துவிட்டேனே" என்ற நம்பிக்கையில் பல்பைக் கழற்றுகிறவரின் விரல் அதில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குண்டு பல்பு காலத்தில் இந்தத் தவறு வெளியே தெரியாது. அந்த இழை சூடேற நிறைய மின்சாரம் வேண்டும். எல்.இ.டி.க்கோ துளி போதும். ஒயர் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் சேர்ந்து, அணைத்த விளக்கு இரவில் மங்கலாக ஒளிரும் அல்லது விட்டுவிட்டு மின்னும். பழைய புரோகிராமில் ஒளிந்திருந்த பிழை புதிய டேட்டா கொடுத்ததும் வெளியே வருவது போலத்தான். சுவிட்சில் சிறிய இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் இப்படி ஆகலாம். எனவே மங்கலாக ஒளிர்ந்தால் உடனே முடிவு கட்ட வேண்டாம். எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சுவிட்ச் எந்த ஒயரில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது நியூட்ரல். டியூப் லைட்டோடு சேர்ந்தே எரிந்தால் போதும் என்றால் அந்தப் பாயிண்டிலேயே இணையாகச் சேர்க்கலாம். தனி சுவிட்ச் வேண்டுமென்றால் சுவிட்ச் போர்டிலிருந்து பேஸ் எடுக்க வேண்டும். பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் நியூட்ரலும் இருக்கும். வெறும் சுவிட்சுகள் மட்டும் உள்ள போர்டில் பெரும்பாலும் இருக்காது. அப்போது சிலர் பக்கத்து லைனிலிருந்து நியூட்ரலை எடுத்துவிடுவார்கள். இதற்கு மட்டும் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். ஒரு லைனின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு அதன் நியூட்ரலைக் கழற்றுகிறவருக்கு, இன்னொரு லைனின் மின்சாரம் அதில் வருவது எப்படித் தெரியும்? இரண்டு லைனுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. இருந்தால் வேறொரு தொல்லை. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால் அது டிரிப் ஆகிவிடும். 10 வாட் விளக்கே 43 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் எடுக்கும். விளக்கைப் போட்டதும் வீடே இருண்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் எந்த லைன் பேட்டரியில் ஓடுகிறது என்று முதலில் கேளுங்கள். அழகுக்கு எரியும் விளக்கு மின்தடையின்போது பேட்டரியைத் தின்ன வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நான் என்றால் சாதாரண லைனில்தான் போடுவேன்.

உலோக உடல் கொண்ட விளக்கானால் பச்சை ஒயரை எர்த்தில் சேர்த்தே ஆகவேண்டும். ஒயர்களை முறுக்கி டேப் சுற்றிச் சுவருக்குள் தள்ளுவது கூடாது. இணைப்பு ஜங்ஷன் பாக்ஸில், கனெக்டர் வைத்து இருக்கட்டும்.

பல்பு, பியூஸ், சுவிட்ச் மாற்றுவது வரை மின் விதிகள் நம்மை அனுமதிக்கின்றன. புதிய பாயிண்ட் என்றால் உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் இருக்கிறது. அடாப்டரைப் பிளக்கில் செருகினால் முடிந்தது. அடாப்டரின் வாட் அளவு ஸ்ட்ரிப்பை விடச் சற்று அதிகமாக இருக்கட்டும்; காற்றோட்டம் இல்லாத இடத்தில் அதை அடைக்காதீர்கள்.

வேலை முடிந்து எலெக்ட்ரீஷியன் கிளம்பும் முன் இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்கள். சுவிட்சை ஆப் செய்து, ஹோல்டரின் இரண்டு முனைகளிலும் டெஸ்டரை வைத்துக் காட்டட்டும்; இரண்டிலும் எரியக்கூடாது. பிறகு ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை அழுத்தட்டும். உடனே டிரிப் ஆகவேண்டும். கம்ப்யூட்டரை மட்டும் முன்னதாக ஷட்டவுன் செய்துவிடுங்கள்.