ஹான்லேயில் சிவந்த வானம்

சமயபுரம் கடைவீதியில் இரவில் எரியும் பழைய நியான் பலகையைக் கவனித்ததுண்டா? குழாய்க்குள் பாயும் எலெக்ட்ரான்கள் நியான் அணுக்களில் மோத, வாங்கிய ஆற்றலை அணுக்கள் சிவப்பு ஒளியாக வெளிவிடுகின்றன. வானில் தெரியும் துருவ ஒளி பிறப்பதும் இப்படித்தான். பூமியின் காந்தப்புலக் கோடுகள் வழியே இறங்கும் எலெக்ட்ரான்கள் காற்றிலுள்ள ஆக்சிஜன் அணுக்களில் மோதுகின்றன. ஒளிர்வது எலெக்ட்ரான் அல்ல, அடிபட்ட அணு.

சுமார் 100 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் ஆக்சிஜன் அணு பச்சை ஒளி தரும். அதற்கு ஒரு நொடிகூட ஆகாது. சிவப்பு ஒளிக்கோ ஏறக்குறைய இரண்டு நிமிடம் வேண்டும். அதற்குள் பக்கத்து மூலக்கூறு மோதிவிட்டால் ஆற்றல் போய்விடும், ஒளி வராது. அதனால்தான் காற்று மிக மெலிந்த 200 கிலோமீட்டருக்கு மேல்தான் சிவப்பு தெரிகிறது. அவ்வளவு உயரத்தில் இருப்பதால் வெகுதொலைவிலிருந்தும் அதைக் காணலாம்.

2024 மே 10 இரவு, வலுவான சூரியப் புயலின்போது, லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கேமராக்களில் வடக்கு அடிவானம் இந்த ஒளியால் சிவந்து பதிவானது. இந்திய மண்ணிலிருந்து கிடைத்த அரிய காட்சி அது! நம் திருச்சி வானில் இதை எதிர்பார்க்க முடியாது. காந்த நடுக்கோடு தென் தமிழகத்துக்கு அருகிலேயே செல்வதால், இங்கே காந்தக் கோடுகள் ஏறக்குறையப் படுக்கைவாட்டில் ஓடுகின்றன. எலெக்ட்ரான்கள் இறங்க வழியில்லை.