தாமதமாக வரும் வெயில்

மாலி நாட்டு ஜென்னே மசூதியின் படத்தைப் போட்டு, 'மண்ணால் கட்டிய 800 ஆண்டுப் பழைய இயற்கை ஏசி' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நிஜமா என்று கேட்கிறார் வாசகர் ஒருவர். பாதி நிஜம். ஏசி வெப்பத்தை வெளியே தள்ளும். மண் சுவர் எதையும் தள்ளாது. வருகிற வெயிலைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆனால் விஷயமே அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

ஜென்னேயில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் 40 டிகிரி செல்சியஸைத் தொடும்; இரவு 25 டிகிரி வரை இறங்கும். மசூதிச் சுவரின் கனம் 40 முதல் 60 சென்டிமீட்டர். வெயில் பட்டதும் வெளி அடுக்கு முதலில் தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. மிச்சம்தான் அடுத்த அடுக்குக்கு.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இலைக்காரர் வயிறாரக் குடித்த பிறகே பாயச வாளி நகர்கிறது. அடுத்தவரும் அப்படியே. கடைசி இலைக்கு வரும்போது கரண்டி வாளியின் அடியைச் சுரண்டுகிறது, நேரமும் ஆகிவிட்டது. காய்ந்த மண்ணுக்குக் கணக்குப் போட்டால், 11 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வெப்பத்தின் ஏற்ற இறக்கம் சுமார் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 40 சென்டிமீட்டர் தாண்டினால் 100-ல் இரண்டு, மூன்று பங்குதான் மிச்சம். அதுவும் சுமார் 14 மணி நேரம் கழித்து. நண்பகல் வெயில் உள்சுவரை எட்டும்போது நள்ளிரவு தாண்டிவிடும். அதற்குள் வெளியே குளிர்ந்துவிட, சமையல்காரரே திரும்பி வந்து முன்வரிசை இலைகளிலிருந்து பாயசத்தை வழித்துக்கொண்டு போகிறார். எந்தக் கல்யாணத்திலும் நடக்காத இந்த அநியாயம் சுவருக்குள் தினமும் நடக்கிறது. தகரக் கூரையோ, ஒரே இலை போட்ட பந்தி.

வழித்துக்கொண்டு போக இரவு குளிர வேண்டும் என்பதைத்தான் வாட்ஸ்அப் விழுங்கிவிடுகிறது. ஜென்னே இருக்கும் சாஹேல் வட்டாரத்தின் வறண்ட காற்றில் கணக்கு நேராகிறது. நைஜீரியாவின் கடலோர லாகோஸில் ஈரக்காற்று இரவிலும் புழுங்கும். பகலுக்கும் இரவுக்கும் ஏழெட்டு டிகிரிதான் வித்தியாசம். அங்கே கனத்த சுவரைவிடக் காற்று புகும் ஜன்னல் மேல். ஆகவே, 'மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றது மண் வீடு' என்று மொத்தமாகச் சொல்ல முடியாது. சாஹேலிலேயே கோடை இரவில் ஜனங்கள் மொட்டை மாடியில்தான் பாய் விரிக்கிறார்கள். உள்ளே கடைசி இலைக்குப் பாயசம் வரும் நேரம் அது.

வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். 800 ஆண்டு என்பது அதே இடத்தில் முன்பு இருந்த மசூதியைப் பற்றிய மரபு. இப்போது நிற்பது 1907-ல் கட்டியது. ஜென்னேயின் பழைய பகுதிகள் 1988-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. போதும்.

மண்ணுக்கு எமன் மழை. 2009-ல் கொட்டிய ஒரு பெருமழையில் மசூதிக் கோபுரம் ஒன்றின் ஒரு பகுதி சரிந்தது. அதனால்தான் ஆண்டுதோறும் பூச்சு. மண்ணையும் உமியையும் குழியில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, மிதித்துக் குழைத்த கலவையை ஊரே கூடி அப்புகிறது. சுவரெங்கும் துருத்தி நிற்கும் கட்டைகளை வெறும் அலங்காரம் என்று எண்ண வேண்டாம். பூசுகிறவர்கள் ஏறி நிற்கும் நிரந்தரச் சாரமும் அவைதான். நம் பனையின் பேரினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கப் பனையின் கட்டைகள் அவை. மசூதிக்கு ஊர் வரும். தனி வீட்டுக்கு யார் வருவார்கள்? ஆகவே ஒருவர் தகரத்துக்கு மாறினால், அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2022-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற பிரான்சிஸ் கேரே, புர்கினா பாசோவில் தன் சொந்த ஊரான காண்டோவில் 2001-ல் முடித்த பள்ளியைப் பாருங்கள். சிமென்ட் கொஞ்சம் கலந்து அழுத்திய மண் கல்லில் சுவரும் உட்கூரையும். அதற்கு மேல் இடைவெளி விட்டு, சுவர் நனையாதபடி அகன்ற தகரக் கூரை. சுடும் தகரத்தடியில் காற்று சூடாகி வெளியேற, வகுப்பறைக் காற்று உட்கூரைத் துளைகள் வழியே மேலே போகிறது. மண் பக்தர்கள் திட்டும் தகரம்தான் அங்கே பாதி வேலையைச் செய்கிறது. பள்ளியோ மாலையில் பூட்டப்படும். தாமதமாக வரும் வெயில் யாரையும் சுடாது. படுத்துத் தூங்கும் வீட்டுக்கு மண் சுவர் எழுப்ப நினைப்பவர், முதலில் தன் ஊரில் இரவு எத்தனை டிகிரி இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்.