மருந்து இருக்கிறது, போய் வாங்க வழி?

எச்.ஐ.வி. என்று சொன்னாலே நம்மவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் சம்பளத்தைக் கேட்பார்கள், வீட்டுக் கூரையைக் கேட்பார்கள். இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. கூட்டம் கலைந்த பிறகு மோட்டார் சைக்கிள் பக்கம் வந்து, "ஐயா, ஒரு விஷயம்..." என்று இழுப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இந்த வாரம் எழுதுகிறோம்.

மலேசியாவில் இக்கிருமி முதன்முதலில் 1986இல் கண்டறியப்பட்டது. 2002ஆம் ஆண்டில் மட்டும் புதிதாக 6,978 பேருக்கு இருப்பது தெரியவந்தது. பெரும்பாலோர் போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்கள். 2005இல் மெத்தடோன் மருந்தும், அடுத்த ஆண்டில் சுத்தமான ஊசி வழங்கும் திட்டமும் வந்தன. "போதைக்காரனுக்கு ஊசியா?" என்று கூச்சல் எழுந்தது. ஆனாலும் அந்த வழியில் பரவுவது வெகுவாகக் குறைந்தது.

இப்போது மருத்துவ உலகில் 'செயலாக்க அறிவியல்' என்று ஒன்றைப் பேசுகிறார்கள். பேர்தான் பெரிது. கண்டுபிடித்த மருந்து கடைசி ஆள் கைக்குப் போகிறதா, எங்கே தடைப்படுகிறது, எதை மாற்றினால் போய்ச் சேரும் என்று ஆராய்வதுதான் அது. தொழிற்சங்கக்காரர்களுக்கு இது புதிதா என்ன? கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தானதோடு நம் வேலை முடிகிறதா? சம்பளச் சீட்டில் அது ஏறியிருக்கிறதா என்று கிராணியிடம் போய் நிற்கிறோமே!

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் தாய்மார்கள்தான். கர்ப்ப காலத்தில் மருந்து கொடுத்தால், குழந்தைக்குத் தொற்றுவதை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கலாம் என்று 1994இல் தெரிந்தது. 1998 முதல் அரசாங்க கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை நடைபெறுகிறது. தனியாக வா என்று அழைத்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள்? பக்கத்து வீட்டுக்காரி என்ன சொல்வாளோ என்றே பாதிப் பேர் நின்றிருப்பார்கள். வழக்கமான இரத்தப் பரிசோதனையோடு, அதே தாதியின் கையால் இதுவும் முடிந்தது. 2018இல் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அறிவித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல்.

ஆண்களுக்கு இப்படி ஒரு வழி இல்லை. செம்பனை வெட்டுகிறவன் காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால்தான் கிளினிக்குப் பக்கம் போகிறான். நோய் முற்றிய பிறகுதான் சங்கதி தெரிகிறது. அன்றாடம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே இருந்துவந்தால், உடலுறவு மூலம் மனைவிக்குத் தொற்றாது. 2006 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் முதல்நிலை மருந்துகள் நம் குடிமக்களுக்கு இலவசம்.

அப்புறம் ஏன் விட்டுவிடுகிறார்கள்? ஒரு தோட்டத்துத் தோழர் சொன்னார்: "ஐயா, மருந்து சும்மாதான் குடுக்கிறாங்க. அதை வாங்கப் போற நாளுக்கு யாரு சம்பளம் குடுப்பா? ரெண்டு பஸ் மாறணும். டைம் ஸ்லிப்பைக் காட்டினா, உனக்கு என்ன வியாதின்னு மண்டோர் எல்லார் முன்னாலேயும் கேக்கிறாரு."

தடை இருக்குமிடம் இதுதான். பேருந்தும், பெரட்டும், மண்டோரின் வாயும்! உடல்நிலை சீராக உள்ளவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கான மருந்தை ஒரே தடவையில் கொடுக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இலேயே சொல்லிவிட்டது. வேலையிடத்தில் எச்.ஐ.வி. பற்றி 2001இல் வெளிவந்த அரசாங்க நடைமுறைக் கோவையோ, தொழிலாளியின் நோய் விவரத்தை இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. அது சட்டம் அல்ல என்று நிர்வாகம் தட்டிக்கழிக்கலாம். ஆகவே அதை ஒப்பந்தத்தில் ஏற்றக் கேட்பதே நல்லது.

வெளிநாட்டுத் தோழர்களின் கதை வேறு. கட்டாயப் பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்தால் பெர்மிட் போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வேலையைப் பறிக்கிற பரிசோதனைக்கு எவன் மனமுவந்து கையை நீட்டுவான்?

அந்தத் தோழரோடு கிளைச் செயலாளர் மருத்துவமனைக்குப் போய் டாக்டரிடம் பேசினார். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போனால் போதும். ஆண்டுக்கு நாலு நாள். அந்த நாலு நாள் சம்பளத்தை நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.